மாம்பழ அட்டையில் எண்பத்து மூன்று துளைகள்

கலிபோர்னியாவில், பிளசன்டனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், மாம்பழப் பெட்டிகளின் அட்டைகள் பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஃப்ரீமான்ட் மளிகைக் கடைகளில் சீசனுக்கு வந்து இறங்குமே, அதே பெட்டிகள். ஒவ்வோர் அட்டையிலும் மார்க்கரால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் குடைப்பிடி போல வளைந்த ஓர் உருவம். அதன் மேலும் அதைச் சுற்றியும் பொத்தல் பொத்தலாகத் துளைகள். மூலையில் ஓர் எண்: முப்பது, நாற்பது, இருபத்தைந்து. குடிவந்த இரண்டாம் நாள் இதைப் பார்த்தேன். ஈரத்துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரியை அக்கா என்றுதான் அழைப்பேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்கு எழுதுனே? யாரு கேட்டா?" என்று அவளுக்குச் சந்தேகம் வரும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோவில்பட்டிப் பக்கம். கால்நடை மருத்துவமனை ஒன்றில் டாக்டருக்கு உதவியாளர் வேலை. நாய், பூனையோடு மாடு, குதிரையும் பார்க்கிற இடம்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, கராஜ்ல ஏதோ அட்டையெல்லாம் இருக்கே..."

"நீ எதுக்கு அந்தப் பக்கம் போனே?"

"துணி துவைக்க."

"எத்தனை அட்டை பார்த்தே?"

"பதினொண்ணு."

அவள் எழுந்து கராஜுக்குப் போனாள். எண்ணிவிட்டுத் திரும்பி வந்தாள். "பதினொண்ணுதான்," என்றாள். அதன்பிறகுதான் அது வான்கோழி வேட்டைக்கான அட்டை என்று சொன்னாள்.

எத்தனை என்பதுதான் அவளுடைய சொல். யார் எதைச் சொன்னாலும் அதை ஓர் எண்ணாக மாற்றச் சொல்வாள். எண்ணைச் சொன்னால் அதையும் நம்பமாட்டாள். அவள் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு தமிழ்த் தம்பதி, நடக்க முடியாமல் பருத்துப்போன லாப்ரடார் ஒன்றைக் கூட்டி வந்தார்களாம். "ஒரு கைப்பிடி தயிர்சாதம்தாங்க போடறோம்," என்றார்களாம். "யாரு கை?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக் ஒன்றில், புது வீடு வாங்கிய ஒருவர், ஸ்கூல் நடக்கிற தூரத்தில்தான் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். "யாரு நடந்தா?" என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

எனக்கு அறை கிடைத்ததே இப்படி ஒரு கேள்வியில்தான். மில்பிடாஸில் ஆபீஸ் என்றதும், "அங்க போக எத்தனை நிமிஷம்?" என்றாள். எனக்கு முன் வந்து கேட்டவர்கள் எல்லோரும் இருபது நிமிடம் என்றிருக்கிறார்கள். நான் அந்த ஃப்ரீவேயில் மூன்று நாள் காலையில் ஓட்டிப் பார்த்திருந்தேன். "நாப்பத்தேழு, அம்பத்திரண்டு, நாப்பத்தொம்பது," என்றேன். சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

அவளுடைய கணவர், இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி டெக்சாஸுக்கு வேலைக்குப் போனவர். நான் குடிவந்தபோது அது நான்காவது வருடம். அதனால்தான் இப்படி ஆகிவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

"ஏட்டி, போ. எனக்கு மூணு வயசுல ஊசி போட வந்த நர்சம்மா, வலிக்காதுன்னு சொன்னா. அன்னைக்கே முடிஞ்சுபோச்சு," என்றாள்.

அவளுக்கு வேட்டையைக் கற்றுக்கொடுத்தது யார் என்றும் கேட்டிருக்கிறேன். "ஒருத்தனும் இல்ல. சொல்லித் தந்தவனெல்லாம் புளுகுனான். அட்டதான் சொல்லித் தந்துச்சு."

வேட்டைத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ரவைகள் இருக்கும். வெளியே வந்ததும் அவை விரிந்துகொண்டே போகும். குழாயின் வாயில் சோக் என்று ஒரு சின்னக் குழல் திருகுவார்கள். தோட்டத்து ஹோஸின் நுனியை விரலால் அமுக்கினால் தண்ணீர் ஒடுங்கித் தூரமாகப் பாய்கிறதல்லவா, அதுபோல இறுக்கமான சோக் ரவைகளை நெடுந்தூரம் ஒன்றாகக் கொண்டுபோகும். தளர்ந்த சோக்கில் பக்கத்திலேயே விரிந்துவிடும். ரவைக்கும் நம்பர் உண்டு. நான்காம் நம்பர் பெரியது, ஒன்பதாம் நம்பர் கடுகு மாதிரி. "நம்பர் ஏற ஏற மணி சிறுசாவுது. இங்கயே தெரியலையா, எவனோ ஏமாத்துக்காரன் ஆரம்பிச்ச தொழில்னு?" என்பாள்.

வான்கோழிக்குத் தலையிலும் கழுத்திலும்தான் அடி விழ வேண்டும். விழுந்தால் அந்த நொடியே முடிந்துவிடும். உடம்பில் பட்டால் இறகும் நெஞ்சுச் சதையும் தாங்கிக்கொள்ளும். பறவை ஓடிப்போய் ஏதாவது புதரில் கிடந்து சாகும். அதற்காகத்தான் அட்டை, வட்டம், குடைப்பிடிக் கழுத்து எல்லாம். எந்தச் சோக், எந்த ரவை, எத்தனை கஜத்தில் அந்தக் கழுத்தில் எத்தனை துளை போடுகிறது என்று பார்த்து, அதற்கு மேல் ஓர் அடிகூடப் போகாமல் இருப்பதுதான் அவளுடைய வேட்டை. கலிபோர்னியாவில் ஈயம் கூடாது. அதனால் எஃகு ரவை, நான்காம் நம்பர், நடுத்தரமான சோக். எல்லை முப்பது கஜம்.

"முப்பத்தஞ்சுல நின்னா என்ன பண்ணுவீங்க?"

"பார்த்துட்டு வீட்டுக்கு வருவேன்."

சுடுவதற்கு இடமும் இருந்தது. லிவர்மோருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே கன்று ஈன முடியாமல் கிடந்த பசு ஒன்றை இவளும் டாக்டரும் காப்பாற்றியதிலிருந்து, பண்ணைக்காரர் அவளுக்கு வாசலைத் திறந்துவிட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போனாள். டிபன் தட்டைக் கவிழ்த்துவைத்து அட்டையில் வட்டம் போட்டாள். முப்பது கஜத்தில் நிறுத்திச் சுட்டாள். எண்ணச் சொன்னாள்.

"எண்பத்தொண்ணு," என்றேன். அட்டையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். "இருங்க அக்கா. ரெண்டு இடத்துல ரெண்டு ரெண்டு துளை ஒட்டிக்கிட்டு ஒண்ணாத் தெரியுது. எண்பத்து மூணு."

அக்கா வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். வெகுநேரம் எண்ணினாள். எண்பத்து மூன்று.

மார்க்கரை என்னிடம் நீட்டினாள். "இனிமே நீயே எழுது."

அதன்பிறகு நான் சொன்ன எதையும் அவள் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. கடைக்குப் போய் ஆறு தேங்காய் வாங்கி வந்தேன் என்றால் ஆறுதான். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் ஒன்பதாவது நிமிடம் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். யாரையும் நம்பாத ஒருத்தி என் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். கிருஷ்ணகிரியில் கல் குவாரி வேலைக்குப் போகும் என் அப்பாவுக்கு இன்றைக்கும் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. நான் மில்பிடாஸில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் லேபில் உட்கார்ந்து, இந்த இயந்திரம் சரியாக அளக்கிறது, இது அளக்கவில்லை என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கையெழுத்தைவிட எனக்கு அக்கா கொடுத்த மார்க்கர் பெரிதாக இருந்தது. பெருமையாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

இந்தச் சமயத்தில்தான் பிரவீன் வந்தான். வந்தான் என்றால், நான்தான் அழைத்து வந்தேன். பத்து வயதில் பெற்றோரோடு அமெரிக்கா வந்தவன். சான்ட்டா கிளாராவில் மென்பொருள் வேலை. இரண்டு மாதத்தில் எங்களுக்கு நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்தார்கள். ஆபீஸ் நண்பர்களோடு, வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடப் போய்ப் பழகியவன். வேட்டை லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தான். அக்காவைப் பற்றிச் சொன்னதும் துள்ளிக் குதித்தான்.

அவனுடைய சாமான்கள் எல்லாம் உயர்ந்த ரகம். இருப்பதிலேயே இறுக்கமான சோக். டங்ஸ்டன் ரவை, ஒன்பதாம் நம்பர். ஒரு தோட்டாவின் விலையில் நான் ஒரு வேளை நல்ல சாப்பாடே சாப்பிடுவேன். பண்ணையில் அக்கா முதலில் பதினைந்து கஜத்தில் அட்டையை வைத்தாள். சுட்டதும் அட்டையில் ஒரு கைமுட்டி அளவுக்கு ஒரே ஓட்டை, குடைப்பிடிக் கழுத்துக்குப் பக்கத்தில். கழுத்தில் ஒன்றுமில்லை. பிறகு நாற்பதில் வைத்தாள். அழகாக, கோலப்புள்ளி வைத்ததுபோல நிரம்பியது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அறுபதில் வைத்தாள். கழுத்தில் எத்தனை என்று என்னைக் கேட்டாள்.

"ஒண்ணு."

"பாக்ஸ்ல சிக்ஸ்டி யார்ட்ஸ்னு போட்டிருக்கே அக்கா," என்றான் பிரவீன்.

"பாக்ஸா தம்பி சுடப் போவுது?"

"இல்ல, ஐ மீன், ஆன்லைன்ல எல்லாரும் பண்றாங்க..."

"எல்லாருமா? எத்தனை பேரு?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "பக்கத்துல வந்தா தவற விட்டுருவே தம்பி. தூரத்துல நின்னா ஆசைப்பட்டுருவே. இந்தச் சோக்கு உனக்கு ஆகாது," என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் துடைத்தான். சோக்கை மாற்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "ஏட்டி, அந்தத் தம்பி தப்பிக்கச் சொல்லுத கணக்குல பாதியச் சேத்துக்க. பெருமைக்குச் சொல்லுததுல பாதியக் கழிச்சுக்க."

"எதுக்கு அக்கா அப்படிச் சொல்றீங்க?"

"நாப்பதுல நின்னு சுட்ட அட்டைய அவன் போன்ல போட்டோ புடிச்சான். யாருக்கோ அனுப்பும்போது அறுபதுன்னு எழுதுனான். நான் பார்த்தேன்."

எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. அவன் போனை இவள் ஏன் எட்டிப் பார்க்க வேண்டும்? தன் புருஷன் போய்விட்டதால் எவளுக்கும் ஒரு புருஷன் நிலைக்கக் கூடாது என்று நினைக்கிறாளோ? அப்படிக்கூட நினைத்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குத் தேநீர் ஊற்றும் விதம், பிரவீன் வரும்போது கதவைத் திறக்கும் விதம், எல்லாவற்றிலும் ஏதோ ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. நான் தேர்ந்தெடுத்தவனை யாரும் கழித்துப் பார்க்கக் கூடாது. அவனுடைய அம்மா பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவின் வேலையைக் கேட்டுவிட்டு ஒரு கணம் பேசாமல் இருந்தார். அந்த ஒரு கணத்தை இவன்தான், "அம்மா, காபி எடுத்துக்கோங்க," என்று சொல்லித் தாண்ட வைத்தான். அது அக்காவுக்குத் தெரியாது.

வேட்டைக்குப் போனது ஒரு சனிக்கிழமை காலை. புல் பச்சையாக இருக்கிற ஏப்ரல் மாதம். பிரவீனுக்கு அன்று பறவை கிடைத்தே ஆக வேண்டும். மறுநாள் மதியம் நண்பர்கள் பன்னிரண்டு குடும்பம் கூடுகிற பாட்லக்குக்கு, 'காட்டு வான்கோழி பிரியாணி, என் பொறுப்பு' என்று வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போட்டுவிட்டான். ஒரு வாரமாக அதில் கைதட்டும் பொம்மைகள் வந்துகொண்டிருந்தன.

அக்கா எங்களை ஒரு பெரிய ஓக் மரத்தடியில் உட்கார வைத்தாள். தூரம் அளக்கும் கருவியால் முன்கூட்டியே அளந்து, முப்பது கஜத்தில் ஒரு குச்சியை நட்டாள். "இந்தக் குச்சிக்கு இங்கிட்டு வந்தா சுடு. அதோ விழுந்து கிடக்கே மரம், அது நாப்பது. உன் சோக்குக்கு அதுவரைக்கும்கூடச் சரின்னு வச்சுக்குவோம். அதுக்கு அங்கிட்டு நின்னா அது உன் பறவை இல்ல தம்பி." அவன் தலையாட்டினான். அவள் எங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். உரசினால் பெட்டை வான்கோழிபோலக் கூப்பிடும் மரப்பெட்டி ஒன்று அவளிடம் இருந்தது. பள்ளத்திலிருந்து எங்களுக்கு முன்னால் இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

போவதற்கு முன் கருவியை என் கையில் கொடுத்திருந்தாள். பழக்கதோஷம், நான் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். விழுந்த மரம் இடது பக்கம், நாற்பது. வலது பக்கம் ஒரு வறண்ட ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மாடுகள் நக்குவதற்கு வைத்த வெள்ளை உப்புக்கட்டி. அறுபத்திரண்டு.

அக்கா இரண்டு முறைதான் உரசினாள். ஓடைக்கு அப்பாலிருந்து குளுகுளுவென்று பதில் வந்தது. பிறகு ஒரு பெரிய சேவல், வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, உப்புக்கட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றதுதான். ஓடையைத் தாண்டவில்லை. தலை சிவப்பாகவும் நீலமாகவும் மாறி மாறித் தெரிந்தது. பெட்டை தன்னைத் தேடி வரட்டும் என்று அது காத்திருந்தது. அது வரட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். பிரவீனின் சட்டைப் பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது.

அவன் தோள் இறுகுவதைப் பார்த்தேன்.

"பிரவீன், அது அறுபத்திரண்டு," என்று அவன் காதில் சொன்னேன்.

"ஐ காட் திஸ்."

சுட்டான். பறவை உருண்டது. உடனே எழுந்தது. ஒரு சிறகு தரையில் இழுபட, உப்புக்கட்டிக்குப் பின்னாலிருந்த புதருக்குள் ஓடி மறைந்தது.

பிரவீன் என் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. "ப்ளீஸ். விழுந்த மரத்துக்கிட்ட, ஃபார்ட்டின்னு சொல்லிடு. மிஸ் ஆயிடுச்சுன்னு சொல்லிடு. அவங்க முன்னாடி என்னை விட்டுக் குடுக்காத."

அக்கா புல்லில் கால்வைத்து வரும் ஓசை கேட்டது.

"எத்தனை?"

"ஃபார்ட்டி அக்கா. மேக்ஸ் ஃபார்ட்டி. சுத்தமா மிஸ்," என்றான்.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

அந்த நேரத்தில் எனக்குப் பறவை நினைவில்லை. பாதியச் சேத்துக்க என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாளே, அதுதான் காதில் இருந்தது. அவள் சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

"நாப்பது, அக்கா. ஓடையத் தாண்டி விழுந்த மரத்துக்கிட்ட வந்துச்சு."

அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேராக இடது பக்கம் விழுந்த மரத்துக்குப் போனாள். மண்டியிட்டு, புல்லை விரலால் விலக்கி விலக்கித் தேடினாள். ஒரு இறகாவது, ஒரு துளி ரத்தமாவது. மரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போனாள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனாலும் ஓடைப் பக்கம் திரும்பவில்லை. அங்கே போக அவளுக்குக் காரணமில்லை. முக்கால் மணி நேரம் தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். இல்லாத இடத்தில், குனிந்து, தேடினேன்.

கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி. பிரவீனின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "ஒண்ணும் படல தம்பி. நல்லவேளை. மிஸ்ஸானா மிஸ்தான், அதுல வெக்கமில்ல." அவனிடம் அவள் அவ்வளவு கனிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவனை நம்பியதால் அல்ல, என்னை நம்பியதால்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். இரவு தூங்கியிருக்கவில்லை.

"அக்கா, நேத்து அது நாப்பது இல்ல."

கரண்டி நின்றது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை?"

"அறுபத்திரண்டு. உப்புக்கட்டிகிட்ட. அடி பட்டுச்சு. ஒரு செறகு தொங்கிக்கிட்டே ஓடுச்சு."

அடுப்பை அணைத்தாள். கார் சாவியை எடுத்தாள்.

வண்டியில் போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவளை ஏமாற்ற யாராலும் முடியாது. நேற்றே இவளுக்குத் தெரிந்திருக்கும். நான் எவ்வளவு நேரம் பொய்யில் நிற்கிறேன் என்று பார்ப்பதற்காகத்தான் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாளோ? அப்படி இருந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கேட்டேன்.

"நேத்தே உங்களுக்குத் தெரியும்தானே அக்கா?"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சிருந்தா ஒரு உசுர ராத்திரி பூரா அங்க போட்டுட்டு வந்து நான் தூங்கியிருப்பேனாட்டி?"

வழியிலேயே பிரவீனுக்குப் போன் செய்து, அக்காவிடம் சொல்லிவிட்டேன், பறவையைத் தேடப் போகிறோம், நீயும் வா என்றேன். "சீரியஸ்லி? அது ஒரு பேர்டு. ஃபார்ட்டின்னு சொன்னல்ல, அதையே மெயின்டெயின் பண்ணியிருக்கலாம்ல?" என்றான். கடையில் வாங்கிய வான்கோழியில் பிரியாணி தயாராகிக்கொண்டிருப்பதாகவும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். அந்த நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இது அவனைப் பற்றிய எழுத்து அல்ல.

உப்புக்கட்டிக்குப் பக்கத்தில் இறகுகள் கிடந்தன. பழுப்பும் செம்பும் கலந்து மின்னுகிற இறகுகள். அக்கா அவற்றைத் தொடவில்லை. புல்லில் காய்ந்து கறுத்திருந்த துளிகளைப் பார்த்துக்கொண்டே புதருக்குள் குனிந்து நுழைந்தாள். பத்தடிகூட இருக்காது. ஒரு கிளையின் கீழ் பறவை உட்கார்ந்திருந்தது. செத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். சாகவில்லை. ஒரு சிறகு மண்ணில் பரந்து கிடக்க, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. ஓட முயலவில்லை.

அக்கா தன் மேல்சட்டையைக் கழற்றி அதன் தலையை மூடினாள். மருத்துவமனையில் பயந்த மிருகங்களிடம் பேசுவாளாம், அதே குரலில் ஏதோ முணுமுணுத்தாள். கையாலேயே ஒரே திருகலில் முடித்தாள். பிறகு வெகுநேரம் அதன்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் பின்னால், வெந்நீர் வைத்து இறகு பிய்த்தோம். சுத்தம் செய்ததும் அவள் சிறிய கத்தியால் தேடித் தேடி ரவைகளை எடுத்தாள். சிறகு மூட்டில் ஒன்று. தொடையில் ஒன்று. நெஞ்சுச் சதையின் ஓரத்தில் ஒன்று. கழுத்திலும் தலையிலும் ஒன்றுகூட இல்லை. எடுக்க எடுக்க ஒவ்வொன்றையும் டிபன் தட்டில் போட்டாள். அட்டையில் வட்டம் போடுகிற அதே தட்டு. கடுகு விழுவதுபோலச் சத்தம் கேட்டது.

தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"எத்தனை?"

"மூணு, அக்கா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். தட்டின் மேல் குனிந்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"மூணுதான்," என்றாள்.